மூணு பேரு, ஒரே கையெழுத்து

அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க, அந்த ஜன்னல் சீட்ட எனக்குத் தருவீங்களா? ஏழு மாசமா தண்ணியத் தவிர வேற ஒண்ணையும் பாக்கல. ஒரு ஆடு, ஒரு உடமரம், ஒரு டீக்கடை போர்டு, எதுவா இருந்தாலும் சரி, பாத்துக்கிட்டே போகணும்போல இருக்கு. நல்லா இருப்பீங்க. அந்தா பாருங்க, ஆடு! நாலு ஆடு!

சிரிங்க, சிரிங்க. எனக்கே சிரிப்பாத்தான் வருது. தூத்துக்குடி ஏர்போர்ட்ல இறங்குனதுல இருந்து வாய மூட முடியல. ஆட்டோக்காரர்கிட்ட பேசினேன், இளநி வெட்டுற அக்காகிட்ட பேசினேன், பஸ் ஸ்டாண்டுல ஒரு நாயிட்டகூட ரெண்டு வார்த்த பேசினேன். இப்ப நீங்க மாட்டிக்கிட்டீங்க. எங்க இறங்கணும்? குலசையா? அப்ப நெறைய நேரம் இருக்கு.

நான் பெரியதாழைக்காரன். பேரு ததேயு. நீங்க கடற்கரைப் பக்கம் போனா போட்டுங்களப் பாருங்க. பேரு எழுதியிருக்கும்ல, அதுக்குக் கீழ ஓரத்துல பாருங்க. 'ததேயு ஆர்ட்ஸ், பெரியதாழை'ன்னு போட்டு, பக்கத்துல செல் நம்பர் இருக்கும். நம்ம கைதான். மணப்பாட்டுல இருந்து கூத்தன்குழி வரைக்கும் நம்ம கைதான். நம்பர் மட்டும் வீட்டுக்காரி நம்பர். நான் அப்பப்ப கப்பலுக்குப் போயிருவேன் பாருங்க, ஆர்டர் வந்தா யாராவது எடுக்கணும்ல.

வீட்டுக்காரி பேரு மெற்றில்டா. கல்யாணமாகி ஒம்பது வருசம் கழிச்சு இப்பத்தான் உண்டாயிருக்கா. ஒம்பது வருசம் அண்ணாச்சி! உவரி அந்தோணியார் கோயிலுக்கு எத்தன தடவ நடந்தோம்னு எங்க செருப்புக்குத்தான் தெரியும். டாக்டரம்மா பதினெட்டாம் தேதின்னு சொல்லியிருக்காங்க. இன்னைக்கு ஏழு. பதினொரு நாள் இருக்கு! பிள்ள பிறக்கும்போது நான் பக்கத்துல நிப்பேன். மூணு வாரத்துக்கு முந்தி யாராவது இதச் சொல்லியிருந்தா அவன் கால்ல விழுந்திருப்பேன்.

அவ ரெண்டு மாசமா இருக்கும்போதுதான் ஏஜென்ட் போன் பண்ணான். எண்ணெய்க் கப்பல், நாலே மாசம், டெக் வேல, பெயிண்டிங் நல்லாத் தெரிஞ்ச ஆளா வேணும்னான். அந்தக் கடைசி வார்த்தயிலதான் நான் விழுந்தேன். மெற்றில்டா வேண்டாம்னா. ஏழாம் மாச வளைகாப்புக்கு வந்து நிப்பேன்னு சத்தியம் பண்ணினேன். அவ என்னய ஒரு பார்வ பாத்தா. "வரலன்னா நானே வந்து கூட்டிட்டு வந்திருவேன்"ன்னா. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். திருச்செந்தூர் பஸ்ல ஏறுனாலே வாந்தி எடுக்கிறவ, நடுக்கடலுக்கு எப்படி வருவா?

போய்ச் சேந்தா, கப்பல் பேரு 'லேடி கொரினெல்லா'. அப்பா, என்னா நீளம்! பெரிய கப்பல், ஆனா கிழடு. தொட்டா துரு உதிரும். ரெண்டாவது வாரம் கேப்டன் கூப்பிட்டாரு. வெளிநாட்டுக்காரரு, வெள்ளத் தாடி, நல்ல மனுசன்தான். ஒரு சீட்டுல புதுப் பேரு எழுதிக் குடுத்தாரு. 'ஓஷன் பெப்பர்மின்ட்'. "இன்னைக்கே மாத்திரு"ன்னாரு.

எனக்கு ஒண்ணும் புரியல. கல்யாணமாகாத பொண்ணுக்குப் பேர் மாத்துனாலும் நாலு பேரக் கேப்பாங்க, இம்மாம் பெரிய கப்பலுக்கு ஒரு சீட்டுதானா? சமையக்காரர் மக்பூல் பாய்தான் வெளக்குனாரு. ரத்னகிரிக்காரரு, முப்பது வருசமா கப்பல்ல இருக்காரு. "ததேயு, நாம ஏத்துறது தடை போட்ட நாட்டு எண்ணெய்"ன்னாரு.

பொருளாதாரத் தடைன்னா என்னன்னு தெரியுமா அண்ணாச்சி? டிவில சொல்லுவாங்களே. நான் சொல்லுதேன், லேசா விளங்கும். எங்க ஊர்ல ஒருத்தன் கமிட்டிக்கு அடங்கலன்னு வச்சுக்கிடுங்க. அவன் போட்டுக்கு யாரும் ஐஸ் குடுக்கக் கூடாது, அவன் மீன யாரும் எடுக்கக் கூடாதுன்னு கமிட்டி சொல்லிரும். ஐஸ் இல்லன்னா மீன் நாறும். மீன் நாறுனா அவன் தானா வந்து கால்ல விழுவான். அதேதான். பெரிய நாடுங்க எல்லாம் கூடி ஒரு நாட்டுக்கு அதச் சொல்லுது. எந்த நாடுன்னு கேக்காதீங்க, கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன், வெளிய சொல்லக் கூடாது. அதுகிட்ட யாரும் எண்ணெய் வாங்காத, அதுக்கு யாரும் சாமான் குடுக்காதன்னு சொல்லுது.

சரி, எங்க ஊர்ல ஐஸ் குடுக்காதன்னு சொன்னா குடுக்காமலா இருக்கோம்? கமிட்டில முதல் ஆளா கை தூக்குனவரு எங்க பெரியப்பா. பின்வாசல் வழியா ஐஸ் அனுப்புனவரும் எங்க பெரியப்பாதான். இங்கயும் அதே கதை. அந்த நாட்டு எண்ணெய ராத்திரியோட ராத்திரியா இல்ல, பட்டப்பகல்லயே ஏத்துவோம். நடுக்கடல்ல வேற ஒரு கப்பல் பக்கத்துல வந்து ஒட்டிக்கிட்டு நிக்கும். குழாயப் போட்டு மாத்தி விட்டுருவோம். கப்பல் எங்க இருக்குன்னு காட்டுற மெசின அமத்தி வச்சிருவாங்க. அந்தக் கப்பலு இந்த எண்ணெய யாருக்கு விக்குதுன்னு நெனைக்கீங்க? தடை போட்டவங்களுக்கும் அதுல ஒரு பங்கு போகுதுன்னு மக்பூல் பாய் சொல்லிட்டு வெங்காயத்த நறுக்கிக்கிட்டே இருந்தாரு.

யாராவது எங்க கப்பல அடையாளம் கண்டுபிடிச்சுட்டா உடனே பேர் மாத்தணும். அதுக்குத்தான் நான். யோசிச்சுப் பாருங்க, உலகத்துல இத்தன வல்லரசு, இத்தன சேட்டிலைட்டு. அதுக்கெல்லாம் கண்ணுல மண்ணத் தூவுறதுக்கு நம்ம பெரியதாழை ததேயு பிரஷ்ஷும் கையுமா நிக்கான்! எனக்கு ஒரு மாதிரி கிறுகிறுன்னு வந்துட்டு.

கப்பலுக்குப் பின்னால பலகை கட்டி என்னய இறக்குவாங்க. கீழ கடல், மேல வானம், நடுவுல நான். பழைய பேர அழிச்சு, காஞ்சதும் புதுப் பேரு. ஒவ்வொரு எழுத்தும் என் ஒசரம். இங்கிலீஷ்ல பெப்பர்மின்ட்டுக்கு மூணு தடவ அந்த வட்டம் வச்ச 'பி' எழுத்து வருது பாருங்க, அடடா, மூணும் அச்சுல வாத்த மாதிரி ஒண்ணுபோல விழுந்துச்சு. எழுதி முடிச்சதும் கை தானாப் போயிட்டு. ஓரத்துல நம்ம வழக்கம்போல, 'ததேயு ஆர்ட்ஸ், பெரியதாழை', பக்கத்துல நம்பர். தமிழ்லதான். கப்பலுக்கு ஏத்த அளவுல, ஒரு முழ எழுத்து.

கேப்டன் பாத்துட்டாரு. "இது என்ன?"ன்னாரு. நான், "எங்க ஊரு வழக்கம். இது இல்லாம எழுதுனா கப்பலுக்கு ஆகாது"ன்னேன். பொய்யில்ல அண்ணாச்சி, பேரெழுதுனவன் கையெழுத்து இல்லாத போட்டு எங்க ஊர்ல ஏது? கடல்காரனுக்கு நாடு எதுவா இருந்தா என்ன, ஆகாதுன்னு சொன்னா பயந்துருவான். நெஞ்சுல சிலுவை போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. போட்டோ எடுத்து மெற்றில்டாவுக்கு அனுப்புனேன். ஞாயித்துக்கிழம மட்டும் பத்து நிமிசம் நெட் விடுவாரு கேப்டன்.

நாலு மாசம் முடிஞ்சுது. இறக்கி விடுங்கன்னேன். எங்க இறக்க? எந்தத் துறைமுகத்துக்குள்ளயும் எங்களச் சேக்க மாட்டான். தடை கப்பலுக்கு மட்டுமில்ல, அதுல இருக்கிற எங்களுக்குந்தான்னு அன்னைக்குத்தான் எனக்கு ஒறைச்சுது. மூணாவது பேரும் எழுதியாச்சு, 'கிராண்ட் ஜூபிலேட்டா'. பழைய பேர அழிக்கும்போது நம்ம கையெழுத்த மட்டும் விட்டுட்டேன். சொந்தக் கையெழுத்த எவனாவது சொந்தக் கையால அழிப்பானா?

அந்தச் சமயம் அந்த நாட்டுக் கரைக்குத் தள்ளி, கடல்லயே நின்னு எண்ணெய் ஏத்துனோம். குழாய் மாட்ட ஒருத்தன் வந்தான், என் வயசுதான் இருக்கும். வேல முடிஞ்சதும் நெஞ்சத் தொட்டு மூச்சு வாங்குற மாதிரி காட்டுனான், கைய இடுப்புக்குக் கீழ வச்சு சின்னப் பிள்ளன்னு காட்டுனான். அவன் மகளுக்கு இழுப்பு. ஊதுற மருந்து அங்க கெடைக்கலையாம். மக்பூல் பாய்க்கும் இழுப்பு உண்டு. அவரு சட்டப் பையில இருந்த மருந்த எடுத்து அப்படியே குடுத்துட்டாரு. அவன் அத முத்தம் குடுத்து வாங்குனான் அண்ணாச்சி. எண்ணெய விக்கிறவன் எங்கயோ ஏசி ரூம்ல இருக்கான், வாங்குறவனும் நல்லா இருக்கான். தடை அந்தப் பிள்ள மூச்சுலதான் வந்து விழுந்திருக்கு. நமக்கும் ஒண்ணு வரப்போகுதேன்னு நெனச்சு நெனச்சு அழுதேன்.

அப்புறம் வளைகாப்பு வந்துச்சு. நான் இல்லாமலேதான். வீடியோ அனுப்பியிருந்தாங்க. ரெண்டு கை நெறைய வளையலு, நடுவுல உக்காந்திருக்கா. எல்லாரும் சிரிக்காங்க, அவ மட்டும் கேமராவ மொறச்சுக்கிட்டே இருக்கா. அடுத்த ஞாயித்துக்கிழம போன்ல கேட்டா, "அந்தக் கப்பல்ல என் நம்பர்தான போட்டிருக்கீங்க?" ஆமா ஏட்டி, கொட்ட எழுத்துல போட்டிருக்கேன்னேன். "அழிச்சிராதீங்க"ன்னா. பாத்தீங்களா, புருசன் தொழில் மேல எவ்வளவு அக்கறைன்னு!

அதுக்கடுத்த வாரம் சந்தோசமாப் பேசுனா. "ஏங்க, ஆர்டர் ஒண்ணு வந்திருக்கு. வெளிநாட்டுல இருந்து ஒரு பிள்ள பேசிச்சு, இலங்கைத் தமிழு. 'அக்கா, கப்பலுக்குப் பெயர் எழுதுறவர் இருக்கிறாரோ?'ன்னு கேட்டுச்சு. இதுக்கு முந்தி எந்தெந்தக் கப்பல்ல எழுதினவர்னு, மாதிரிக்குப் போட்டோ கேக்குது." எனக்குத் தலகால் புரியல. வெளிநாட்டு ஆர்டர்! உடனே அனுப்புன்னேன். லேடி கொரினெல்லாவுல நான் நின்னு எடுத்த போட்டோ, பெப்பர்மின்ட், ஜூபிலேட்டா, மூணையும் தேதி போட்டு அனுப்பிட்டா. இப்ப எந்தக் கடல்ல நிக்கீங்கன்னும் கேட்டா. அதுவும் அந்தப் பிள்ளைக்கு வேணுமாம். ஆள் எவ்வளவு தூரத்துல இருக்காருன்னு தெரிஞ்சாத்தான தேதி முடிவு பண்ண முடியும்? மக்பூல் பாய்கிட்ட கேட்டு இடத்தக் கணக்காச் சொன்னேன்.

பத்து நாள்கூட ஆகல, விமானம் ஒண்ணு வந்து எங்களச் சுத்துது. ஒரு தடவயில்ல, மூணு தடவ. மறுநாளும் வந்துச்சு. கேப்டன் மொகம் வெளுத்துட்டு. எல்லாரையும் கூட்டி வச்சு, "எவன் காட்டிக் குடுத்தது?"ன்னு கத்துறாரு. நான் சும்மா இருப்பனா? யோசிச்சேன். ஞாயித்துக்கிழமயானா போன்ல குசுகுசுன்னு பேசுறது யாரு? மக்பூல் பாய். அந்த நாட்டுக்காரனப் பாத்து மருந்து குடுத்தது யாரு? மக்பூல் பாய். சபையில சொல்லிட்டேன்.

மனுசன் அடுப்படிக்குத் திரும்பிப் போயிட்டாரு. ஆனா அன்னைக்கு மத்தியானம் தட்டுல ஊறுகா இல்ல. மறுநாளும் இல்ல. என்னய மட்டும் பாத்து ஊறுகாத் தடை போட்டுட்டாரு அண்ணாச்சி! அவங்க அம்மா போட்ட மாங்கா ஊறுகா, அது இல்லாம அந்தக் கப்பல் சோறு தொண்டைக்குள்ள போகாது. மத்தவங்களுக்குக் கண்டிப்பான உத்தரவு, ததேயுவுக்கு யாரும் குடுக்கக் கூடாதுன்னு. இருந்தும் இஞ்சின் ரூம்காரன் ஒருத்தன் தினமும் சோத்துக்கு அடியில ஒளிச்சு ஒரு துண்டு கொண்டு வருவான். பதிலுக்கு அவன் துணியெல்லாம் நான் தொவைக்கணும். பதினாறு நாள் இதே கதை. மன்னிப்புக் கேட்டிருந்தா தீந்திருக்கும். எனக்கென்ன பைத்தியமா? ரோசம்னு ஒண்ணு இருக்குல்ல.

பதினேழாம் நாள் காலையில, தோசைன்னு ஒண்ணு சுட்டுத் தந்தாங்க, அதத் தின்னுக்கிட்டிருக்கேன். தலைக்கு மேல ஹெலிகாப்டரு. கயிறப் புடிச்சுக்கிட்டு சடசடன்னு இறங்குறாங்க, துப்பாக்கியும் தொப்பியுமா. நான் தோசையோட கையத் தூக்கிட்டேன். ஒருத்தன்கூட எங்கள அடிக்கல, நெசத்தச் சொல்லணும். கப்பலக் கரைக்குக் கொண்டு போயி, ஒவ்வொருத்தரா ரூமுக்குக் கூப்பிட்டாங்க.

நான் உள்ள போனதும் ஆபீசர் எந்திரிச்சு நின்னுட்டாரு! கைய நீட்டி, "மிஸ்டர் ததேயு ஆர்ட்ஸ்!"ன்னாரு. சாமி சத்தியமா அண்ணாச்சி. மேசையில மூணு பெரிய போட்டோ. ஒண்ணுல நான், மத்த ரெண்டுல என் எழுத்து. அந்த ரெண்டுலயும் கீழ என் கையெழுத்தச் சுத்திச் சிவப்பு மையில வட்டம் போட்டு வச்சிருக்காங்க. வெளிநாட்டுக்காரன் கலைய எப்படி மதிக்கான் பாருங்க! நம்ம ஊர்ல எழுதி முடிச்சா ஒரு டீ வாங்கித் தருவான், அவ்வளவுதான்.

அந்த இலங்கைப் பிள்ளயே கம்ப்யூட்டர்ல வந்து, ஆபீசர் பேசுனத எனக்குத் தமிழ்ல சொல்லிச்சு. தங்கமான பிள்ள. நான் ஒடனே வெளங்கிக்கிட்டேன். அந்தக் கையெழுத்து இருந்ததாலதான் நான் முதலாளி இல்ல, வெறும் பெயிண்டர்னு அவங்களுக்குப் புரிஞ்சிருக்கு. அதான் மொத ஆளா என்னய வீட்டுக்கு விட்டாங்க. பாவம், மத்தவங்க கையெழுத்துப் போடல, அவங்களுக்கு இன்னொரு வாரம் ஆகுமாம்.

என்ன அண்ணாச்சி, புரையேறிட்டா? இந்தாங்க, தண்ணி குடிங்க. மெதுவா, மெதுவா.

கெளம்பும்போது ஆபீசர் என்னமோ சொல்லிச் சிரிச்சாரு. அந்தப் பிள்ள சொல்லிச்சு, "உங்கட மனைவிக்கு நன்றி சொல்லச் சொல்லுறார். முதல் தரம் நாங்கள் போன் எடுத்தம். அதுக்குப் பிறகு அஞ்சு தரம் அவதான் எடுத்தவ. 'இன்னும் ஏன் பிடிக்கேல்ல, எனக்கு மாசம் நெருங்குது' எண்டு ஒரே பேச்சு." எனக்குக் கண்ணு கலங்கிட்டு. கைக்கு வந்த ஆர்டர் நழுவிரக் கூடாதுன்னு ஒம்பது மாச வயித்தோட எப்படி விடாம நின்னிருக்கா பாருங்க! ஆர்டர் என்னாச்சுன்னு கேட்டேன். அந்தப் பிள்ள "அது நிறைவேறிட்டுது அண்ணா"ன்னுச்சு. வேற ஆளப் புடிச்சுட்டாங்க போல. போகுது.

மக்பூல் பாயா? வாசல்ல நின்னாரு. காட்டிக் குடுத்தது அவருதான், எனக்குச் சந்தேகமே இல்ல, ஆனா அவரு காட்டிக் குடுத்ததாலதான நான் வீட்டுக்கு வாரேன்? மன்னிச்சுட்டேன்னு பெருந்தன்மையாச் சொன்னேன். அவரு என்னய ரொம்ப நேரம் பாத்தாரு. பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சு, கட்டிப் புடிச்சு, ஒரு பாட்டில் ஊறுகாயக் கையில வச்சாரு. "இது உனக்கில்ல, உன் வீட்டம்மாவுக்கு"ன்னாரு. "அவங்க புத்திசாலி"ன்னாரு. நல்ல மனுசன். இந்தா இருக்கு பாருங்க, பைக்குள்ள. மோந்து பாருங்க. கர்ப்பிணிப் பொண்ணுக்கு இதவிட என்ன வேணும்?

ஒரு ரகசியம் சொல்லட்டா? நேத்து பம்பாய்ல இறங்குனதும் வேற ஏஜென்ட் போன் பண்ணான். நம்ம பேரு பரவிட்டு அண்ணாச்சி! இன்னொரு கப்பலு, அதே மாதிரி எண்ணெய், அதே மாதிரி வேல. அடுத்த மாசக் கடைசியில ஏறணும். நாலே மாசம். பிள்ளயப் பாத்துட்டு, ஞானஸ்நானம் முடிச்சுட்டுப் போலாம்ல? மெற்றில்டாட்ட காலையில சொன்னேன். படக்குனு போன வச்சுட்டா. சந்தோசத்துல கை தவறிட்டு போல.

அந்தா, அவதான் கூப்பிடுதா. நூறு வயசு. ஹலோ! ஏட்டி! ஆமா, திருச்செந்தூர் தாண்டிட்டு. நீ எதுக்கு பஸ் ஸ்டாப்புக்கு வார, வெயிலு... சரி, சரி, நிழல்ல நில்லு. என்னது? அந்தப் புதுக் கப்பலா? இப்ப எதுக்கு ஏட்டி? ஓ. சரி, எழுதிக்க. 'மேடம் ஸ்பிளெண்டோரா'. ஸ்பி-ளெண்-டோ-ரா. ஆமா. இப்ப எந்தத் துறைமுகத்துல நிக்குதா? ஏஜென்ட் கொச்சிக்குத் தெக்கன்னு சொன்னான். சரி, கேட்டுச் சொல்லுதேன். அந்த இலங்கைப் பிள்ள நம்பர் வச்சிருக்கியா? மனப்பாடமாவே இருக்கா? அடி என் செல்லமே! வை, வை, வந்துட்டேன்.

கேட்டீங்களா? எழுத்து எழுத்தாக் கேட்டு எழுதிக்கிட்டா. இப்பவே அந்தப் பிள்ளைக்குச் சொல்லி வச்சிருவா, அடுத்த ஆர்டருக்கு. எனக்கு வாய்ச்ச மாதிரி பொண்டாட்டி எவனுக்கு வாய்க்கும் சொல்லுங்க.

ஏன் அண்ணாச்சி, அப்படிச் சிரிக்கீங்க? கண்ணுல தண்ணி வருது உங்களுக்கு. சரி, சரி, குலசை வந்துட்டு, இறங்குங்க. பையப் பாத்து எடுங்க. போட்டு, கப்பல், வீட்டு வாசல், எதுக்காவது பேரு எழுதணும்னா கூப்பிடுங்க. நான் எந்தக் கடல்ல இருந்தாலும் சரி, அவ எடுப்பா.